ஆட்டோவில் போகும் என் குரல்

எங்கள் பேரூராட்சியில் "நாளை குடிநீர் வராது", "வீட்டு வரியைக் கட்டுங்கள்", "நாய்க்கு ஊசி போடுங்கள்" என்று ஆட்டோவில் கத்திக்கொண்டு போகிற குரல் என்னுடையது. நான் அங்கே வேலை செய்பவள் இல்லை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பதும் யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பதும் நான்தான். அதைக் கேட்ட பேரூராட்சி கிளார்க் ஒருவர், "உனக்குத் தமிழ் நல்லா வருதும்மா, நமக்கும் கொஞ்சம் பேசிக் குடு" என்றார். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்க உட்காரவைத்து எல்லா அறிவிப்பையும் ஒரே மூச்சில் பதிவு செய்துகொண்டார்கள். எது எப்போது தேவையோ அதை எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். என்னிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அன்றோடு என் நிம்மதி போனது. காலையில் தண்ணீர் வரும் என்று ஆட்டோ சொல்லும். மத்தியானம்தான் வரும், சில நாள் வராமலே போகும். "காத்தால வரும்னு நீதான சொன்ன, எங்க தண்ணி?" என்று குடத்தோடு என் வாசலில் வந்து நிற்பார்கள். என்னமோ குழாயை நான் என் மடியில் கட்டிவைத்திருப்பதுபோல. கம்பெனியில் பக்கத்து டேபிள்காரி, "கேன்டீன்ல இன்னிக்கு இன்னா கொழம்பு, அப்படியே அறிவிச்சிடு" என்பாள். எரிச்சலாக வரும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். அவள் வீடு ஏரிக் கால்வாய் ஓரத் தெருவில். மாமா இறந்தபிறகு வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, ஷூவின் மேல்பாகம், நாங்கள் அப்பர் என்போம், அதைத் தைத்துக் கொடுத்தே ஓட்டுக்கூரையை மாற்றித் தளம் போட்டவள்.

"இன்னாடி, உன் கொரலு எங்க தெருவுல கத்திகினு போவுது. வீட்ட காலி பண்ணணுமாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

டிபன் பாக்ஸை மூடினேன். நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள் ஒரு வாரத்துக்குள் தாமாகவே காலி செய்துகொள்ள வேண்டும் என்று அன்று நான் பேசிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. எந்தத் தெரு என்று அதில் எழுதியிருக்கவில்லை. பர்மிஷன் போட்டுவிட்டுப் பேரூராட்சி ஆபீசுக்கு ஓடினேன்.

"கோர்ட் ஆர்டர்மா. கால்வாய் ஓரம் மொத்தமும் போவுது. நம்ம கையில இன்னா இருக்கு?" என்றார் கிளார்க். மாற்று இடம் கேட்டதற்கு, மனு கொடுங்கள், பார்க்கலாம் என்றார்.

"என் கொரலையாவது எடுத்துடுங்க சார்."

"எடுத்துட்டு வேற கொரலு போட்டா வீடு நிக்குமா?"

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே தெருவே நிம்மதியாக இருந்தது. அறிவிப்பு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோய் அக்காவிடம்தான் ஓடிவந்திருக்கிறார்கள். இவளோ, "பேசறது என் தங்கச்சி. அவ நம்ம தெருவுக்கா சொல்லுவா?" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டிருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். நிஜமாகவே இடிக்கப்போகிறார்கள், சாமானைக் கட்டு, என் வீட்டுக்கு வா என்றேன்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்டி. நீ சொன்ன தண்ணியே வந்ததில்ல, பொக்லைனா வந்துடப் போவுது?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருப்பு கொள்ளவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அவள் வீடு, அங்கே சண்டை, அழுதுகொண்டே என் வீடு. நான் போகும்போதெல்லாம் அதே தெருவில் ஆட்டோ ஊர்ந்துகொண்டிருக்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே சங்கே நான்தான்.

சொன்னபடியே வந்தார்கள். தெருமுனையில் பொக்லைன் நின்றது, போலீசும் வந்திருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் அடித்துப் பிடித்துப் பாத்திரங்களை வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் வெளியே கேட்டது. கதவைத் தட்டித் தட்டி என் கை வீங்கியது. பின்னால் ஆட்டோவிலிருந்து நான் பொறுமையாக, "பொதுமக்கள் ஒத்துழைப்பு அளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் ரெக்கார்டை நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் கிடந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"யக்கா, நான்தான். இது நெசமா நான் பேசறேன். வந்துட்டாங்க யக்கா. அம்மா போட்டோவ எடுத்துக்க. மிஷின ரெண்டு பேருமா தூக்கிடலாம். உன் கால்ல வுழறேன், வெளிய வா."

மிஷின் சத்தம் நின்றது. கொஞ்சநேரம் கழித்துக் கதவு திறந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "அந்தப் பக்கம் புடி" என்றாள். மிஷினைத் தூக்கினோம், போட்டோவை எடுத்தோம். பீரோவுக்கு நேரம் தரவில்லை. தளம் விழுந்தபோது அவள் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நூல்கண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது அக்கா என் வீட்டில் இருக்கிறாள். மனு கொடுத்திருக்கிறோம், நடையாய் நடக்கிறேன், பதில் இல்லை. ஆட்டோவில் என் குரலை நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் ஆட்டோ எங்கள் தெருவுக்கு வந்தது. பெரிய குழாயில் உடைப்பாம், நாளை முதல் குடிநீர் வராதாம். தெருவில் ஒருத்தரும் அசையவில்லை. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்து, "இந்த வாட்டியாவது நெசமா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

திரும்பிப் பார்த்தால், ஆட்டோ பேசி முடிப்பதற்குள் அக்கா குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். குடம், பக்கெட், குக்கர், சொம்பு என்று அகப்பட்டதிலெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.