மல்லிகா எழுந்து நின்ற நாள்

மல்லிகாவின் அண்ணன் வியாசர்பாடியிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "மஞ்சக்காமால முத்திப் பூட்ச்சும்மா. தங்கச்சி போயிட்டா" என்றார். மறுநாள் மூலக்கொத்தளம் இடுகாட்டில் எங்கள் பழைய மேலாளர் பெரிய மாலையோடு வந்து, நான்கு வார்த்தை பேச வேண்டும் என்றார். "மாலையப் போடுங்க சார். பேச வேணாம்" என்றேன். அவளோடு பணிபுரிந்த நீங்கள் பலரும் அதற்காக என்னைக் கடிந்துகொண்டீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துறைமுகக் கிரேன்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் திருவொற்றியூர் நிறுவனம் ஒன்றில் நானும் அவளும் பொறியாளர்கள். ஒரே சில்லுக்குள், அதாவது சிப்புக்குள், பல பிராசஸர்களை வைத்து, அவை தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளப் பாதைகள் அமைக்கும் முறை அப்போது புதிது. 'பிரேக் போடு' என்ற கட்டளையும் கேமரா படங்களும் அந்தப் பாதைகளில்தான் போகவேண்டும். சில்லு உருவாகும் முன்பே அந்தப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரை மல்லிகாதான் எழுதினாள்.

அதில் அவள் ஒரு கோளாறைக் கண்டுபிடித்தாள். நெரிசல் கூடினால் பிரேக் கட்டளை படங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. "எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி அடைச்சிகினு நின்னா ஆம்புலன்ஸ் எப்டி போவும்? அதே கததான் இங்கயும்" என்று எனக்கு விளக்கினாள். பிரேக்குக்குத் தனிப் பாதை வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டாள். சில்லு பெரிதாகிவிடும் என்று மேலாளர் மறுத்தார். சராசரி நேரம் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

"சராசரியா பிரேக் புடிச்சா போதுமா சார்? ஒரு வாட்டி லேட்டானா கீழ நிக்கிறவன் பூடுவான்."

"மொதல்ல தமிழ ஒழுங்கா பேசக் கத்துக்கம்மா" என்றார் அவர். அறையே சிரித்தது. அடுத்த வாரம், பிரேக் தாமதமானதைக் காட்டிய முடிவுகளை அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டு, சிமுலேட்டரின் மேல் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

வாடிக்கையாளருக்குச் செயல்விளக்கம் காட்டும் நாள் வந்தது. இன்னொரு முறை அவரிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சொல்லியாச்சு. இனிமே அந்தாளே பாக்கட்டும்" என்றாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை.

மேலாளர் குறைந்த நெரிசலில் ஓட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். கடைசி வரிசையில் மல்லிகா எழுந்தாள். "எல்லா கேமராவையும் போட்டு ஓட்டுங்க சார்."

அவர் தயங்கினார். வாடிக்கையாளரின் தலைமைப் பொறியாளர் ஓட்டச் சொன்னார். திரையில் பிரேக் கட்டளை சிக்கி நின்றது. அதே திரையில், கிரேன் தூக்கியிருந்த கன்டெய்னர் நிற்காமல் இறங்கி, கீழே நின்ற லாரியின் மேல் மோதியது.

"இத முன்னாடியே யாரும் பாக்கலியா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"நான் பாத்தேன் சார். என் தமிழ் சரியில்லன்னு வுட்டுட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. மேலாளரின் காது மடல்கள் சிவந்ததை நான் கண்குளிரப் பார்த்தேன். தனிப் பாதையோடுதான் அந்தச் சில்லு செய்யப்பட்டது. அவர் அந்தத் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார். பிறகு டீக்கடையில் அவளைத் தேடி வந்து, வருந்துவதாகவும், நிர்வாகத்திடம் தனக்காக ஒரு வார்த்தை சொல்லும்படியும் கேட்டார்.

"மன்னிப்பா கேக்குற? வேலைய கேக்குற. ரெண்டும் இல்ல, போ சார்" என்றவள், மீதி டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த நிதானத்தையும் அந்த மறுப்பையும்தான். அவள் மன்னிக்காத ஒருவரை அவள் சார்பில் மன்னிக்க எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை.