அக்காள் உதறிய சட்டை

என் அக்காள் வாசலில் நின்று பாவாவின் சட்டையை உதறுவது இன்றும் கண்ணில் நிற்கிறது. காலரைப் பிடித்துச் சுளீரென்று உதறுவாள். சாயங்கால வெயிலில் வெள்ளைத் தூசு அவள் தலைக்கு மேல் மினுமினுவென்று எழும்பும். உதறாமல் நனைத்தால் வாளியில் சேறாக நிற்கும், தண்ணீர் பாழ் என்பாள்.

பாவா, அதாவது அக்காள் புருஷன், ஆஸ்பெஸ்டாஸ் சீட் போடுகிற மேஸ்திரி. ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் பாதித் தறிக் கொட்டகைகளுக்கு அவர் போட்ட கூரைதான். நான் அவரிடம் சித்தாள். ஒருமுறை திருத்தணியில் முகாம் போட்ட டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: அந்தத் தூசு உள்ளே போனால் வெளியே வராது, எத்தனையோ வருஷம் கழித்துக்கூட நெஞ்சைப் பிடிக்கும். பீடியை விடு, வருஷா வருஷம் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடு, சீட்டை நனைத்து அறு, வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

எனக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத்து வராது. சொன்னதைக் கேட்டுக்கொள்ள வரும். மறுநாளே தண்ணீர்க் குடத்தோடு போனேன். பாவா சிரித்த சிரிப்பில் தறிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாருங்கடா, சீட்டுக்கு அபிஷேகம் பண்ண மகாராணி வந்துட்டாங்க! ஏம்மே, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கிகினு ஒரு படியில நிக்காம மலை ஏறுறவன் நானு. இதுக்கு மேல இன்னா படம் வேணும்?"

எங்கள் ஊரில் நெஞ்சுக்கு அதுதான் சோதனை. மூச்சு வாங்காமல் மலை ஏறினவனுக்கு நோயில்லை. நான் வேலைப் புடவையை அங்கேயே அலசிப்போட்டு, மாற்றுப் புடவையில் வீடு திரும்புவேன். அவர் அதே சட்டையோடு திரும்புவார். அக்காள் உதறுவாள்.

வருஷங்கள் கழித்து இருமல் வந்தது அக்காளுக்கு. "தண்ணி தூக்க சோம்பல், நடிக்கிறா" என்றார் பாவா. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்; பாவா முணுமுணுத்தபடி பின்னால் வந்தார். என்ன வேலை செய்தீர்கள் என்று டாக்டர் அக்காளைக் கேட்டார்.

"வீட்டை வுட்டு எங்கியும் போனதில்லீங்க."

வீட்டுக்காரர் வேலையை நான் சொன்னேன். துணி துவைத்தது யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார் டாக்டர். பிறகு பாவாவைப் பார்த்து, நீங்களும் படம் எடுக்கவேண்டும் என்றார்.

"அவருக்கு எதுக்குங்க?" என்றாள் அக்காள், மூச்சுக்கு நடுவே. "அவரு தூசையெல்லாம் நான்தான் உதறி உதறி உள்ள வாங்கிகினேனே."

அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை.

பாவா பீடியை விட்டுவிட்டார். வருஷம் தவறாமல் என்னோடு வந்து நெஞ்சுப் படம் எடுக்கிறார். இந்த வருஷமும் ஒன்றுமில்லை என்றார்கள். வெளியே வந்து, "நெஞ்சு சுத்தமா இருக்குதாம்மே" என்று சொல்லி, கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழுவாதீங்க பாவா," என்றேன். "மூச்சு வாங்கும்."