ஐந்து முதலாளி, ஐந்து கேக்

ஐந்து. இந்த எண்ணை மறக்கக் கூடாது. ஸ்வீடனின் வடகோடியில், காட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன விமான நிலையத்தில், ஒரே கவுன்ட்டரில் நின்றபடி குன்வோர் பார்த்த முதலாளிகள் ஐந்து பேர்.

அங்கே விமான சேவையை முதலில் நகராட்சியும் ஒரு மரக் கம்பெனியும் சேர்ந்து நடத்தின. பிறகு டென்மார்க் கப்பல்காரர் ஒருவர் வாங்கினார். அவர் நார்வேயில் மீன் பண்ணை வைத்திருந்த அண்ணன் தம்பிக்கு விற்றார். அவர்கள் நொடித்துப்போனதும் ஸ்டாக்ஹோம் பணக்காரர்கள். கடைசியாக லக்ஸம்பர்க்கிலிருந்து ஒரு நிறுவனம். அதன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் விமானத்தின் வாலுக்குப் புதுப் பெயின்ட், குன்வோர் கழுத்துக்குப் புதுக் கலர் துண்டு, காபி அறையில் ஒரு கேக்.

கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் சண்டை போட மாட்டார்கள். அது முதலாளிகளுக்கும் தெரியும். ஐந்தாவது கேக்கோடு ஒரு தாளும் வந்தது. 'என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன். ஆறு வாரம் கழித்துப் புதிய நிறுவனத்தில் சேர்கிறேன்.'

"நான் எங்க விலகுறேன்? இங்கதானே நிக்கிறேன்?" என்றாள் குன்வோர்.

யூனியன்காரன் போர்யே மீசையில் ஒட்டிய கிரீமைத் துடைத்தான். "சும்மா ஒரு சடங்கு. போடு, காபி ஆறுது. எல்லாரும் உனக்காகத்தான் உக்காந்திருக்காங்க."

"நீ படிச்சியா?"

"வக்கீல் படிச்சிருப்பாரு."

"யாரு வக்கீல்?"

"அவங்க வக்கீல்தான்!"

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஆறு வாரம் கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ள ஹென்ரிக்கை எடுத்தார்கள். நாற்பது வயது, பனி ஸ்கூட்டர் கடை வைத்து நஷ்டப்பட்டவன். அவள் திரும்பிய பிறகும் அவனை அனுப்பவில்லை.

அடுத்த ஆண்டு தினம் இரண்டு விமானம் ஒன்றானது. கவுன்ட்டரில் ஒருவர் போதும் என்றார்கள். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். அங்கே அதுதான் சட்டம். குன்வோருக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலை போனால் அந்த ஊரில் வேறு வேலை கிடையாது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் நின்றவளை யார் அசைக்க முடியும்? ஹென்ரிக்கை நினைத்துத்தான் வருத்தப்பட்டாள்.

"உன் நேரம் சரியில்லப்பா. எனக்குத் தெரிஞ்ச இடத்துல சொல்லிப் பாக்குறேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காபி அறைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். ஹென்ரிக் அதை மறைத்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"குன்வோர், சத்தியமா நான் கேக்கல இதை."

"தள்ளு. படிக்கணும்."

படித்தாள். அங்கேயே நின்று போர்யேவுக்கு போன் போட்டாள்.

"நீயா விலகினதாத்தான் காகிதம் சொல்லுது," என்றான் அவன். "அப்பவே கேஸ் போட்டிருக்கணும். கெடு முடிஞ்சுபோச்சு."

"அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே?"

"அன்னிக்கு எனக்கே தெரியாதே."

"தெரியாதவன் எதுக்குடா என்னை அவசரப்படுத்துனே?"



பட்டியலில் இரண்டே பெயர். ஹென்ரிக்குக்குப் பணிக்காலம் பதினைந்து மாதம். குன்வோருக்குப் பதினான்கு.