எக்ஸ்போர்ட்டில் அழிந்த திருஷ்டிப் பொட்டு

ஐந்து நிமிட ஸ்லைடு ஷோவை 1080-இல் எடுப்பதா, 4K-யில் எடுப்பதா? மகளின் முதல் பிறந்தநாள் முடிந்து மூன்று மாதமாகிறது. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

விழாவுக்குத் திருப்பதியில் மண்டபம் எடுத்திருந்தோம். மேடையில் பெரிய எல்.இ.டி. திரை. அதை இயக்குபவரிடம் போனில் கேட்டேன். "எம்.பி.ஃபோர் இஸ்தே சாலு மேடம்," என்றார். அதைக் கொடுத்தால் போதுமாம். எனக்குப் போதவில்லை. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியே படித்து வந்தவள் நான். இரண்டு நாள் உட்கார்ந்து விளக்க வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன்.

பாதிப் படங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. பெரிதாக்கினால் ரவை கொட்டியது போல் இருந்தன. அதனால் போன் ஆப்பில் வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்யும்போது எல்லாவற்றிலும் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன்: 4K, நொடிக்கு அறுபது ஃபிரேம், பிட்ரேட் 'ஹை'. கடைசியில் 'தரம் கூட்டு' என்று ஒரு சுவிட்ச் இருந்தது. தரத்தை யார் வேண்டாம் என்பார்கள்? போட்டுவிட்டேன்.

விழா நாள் காலையில், சித்தூரில் எங்கள் வீட்டு டிவியில் ஓட்டிப் பார்த்தோம். எல்லா முகமும் பளிங்கு மாதிரி இருந்தது. "சினிமா கணக்கா இருக்குதே!" என்றார் கணவர். மாமியார் மட்டும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னாம்மா இது, கொயந்தைக்குப் பொட்டு எங்க?"

தினமும் குளிப்பாட்டியதும் பேத்தியின் இடது கன்னத்தில் மைப்பொட்டு வைப்பது அவர்தான். என்னை விட மாட்டார். அடுத்த படத்தைப் பார்த்தோம், அதற்கடுத்ததையும். எதிலும் இல்லை. அந்த சுவிட்ச் பொட்டை முகப்பரு என்று நினைத்துத் துடைத்திருந்தது.

"ஒரு வருசமா நான் வெச்சிக்கினு வந்தது ஒண்ணு கூட இல்ல. அத்தன பேர் கண்ணு முன்னாடி என் பேத்திய மொட்டக் கன்னத்தோட காட்டப் போறியா?"

சண்டை வரும்போல் இருந்தால் கணவர் தெலுங்குக்குப் போய்விடுவார். "ஏமீ காதும்மா, ஒண்ணும் ஆவாது. அவ்ளோ கிட்ட யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்கறதுக்குத்தானேடா அம்மாம் பெரிய திரை?"

அதோடு முடிவாகிவிட்டது: பொட்டில்லாமல் படம் ஓடக் கூடாது. காரில் ஏறியதும் சுவிட்சை அணைத்து மறுபடி எக்ஸ்போர்ட் கொடுத்தேன். போன் திரை அணைந்தால் வேலை நின்றுவிடும் என்று எங்கோ படித்திருந்ததால் விரலால் தொட்டுக்கொண்டே வந்தேன். போன் தோசைக்கல்லாகச் சுட்டது. மாமியார் பின் இருக்கையிலிருந்து எட்டி, பத்திரிகை அட்டையால் அதற்கு விசிறினார். சந்திரகிரியைத் தாண்டும்போது எண்பத்தொரு சதவீதம். மடியிலிருந்த மகள் கையை நீட்டி 'கேன்சல்' மேல் ஒரு விரலை வைத்தாள்.

எண்பத்தொன்று மறைந்து மறுபடி பூஜ்யம் வந்தது.

"உன் பொண்ணு வெச்சாடா பொட்டு!" என்று மகனிடம் சொல்லி முதலில் சிரித்தவர் மாமியார்தான்.

4K-க்கு இனி நேரமில்லை. 1080, முப்பது ஃபிரேம் என்று மாற்றினேன். மண்டப வாசலில்தான் முடிந்தது.

திரையில் ரவை ரவையாகத்தான் ஓடியது. நான் நிமிரவே இல்லை. மாமியாரோ பக்கத்து நாற்காலிக்காரியின் தோளைத் தட்டி, "தோ பாரு பொட்டு, இதுலயும் இருக்குது பாரு," என்று ஒவ்வொரு படத்துக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய படம் வந்தபோது நானும் நிமிர்ந்து தேடினேன். இருந்தது.

இப்போதும் மாமியார் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போடச் சொல்கிறார். டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் பார்க்கிறார். அவர் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நல்ல பிரதி எடுத்துத் தர வேண்டும். முகம் தெளிய வேண்டும், பொட்டு போகக் கூடாது. அதற்கு எந்த செட்டிங்கை எதில் வைப்பது? தெரிந்தவர்கள் எண்களோடு எழுதுங்கள். அவரிடம் காட்டும் முன் நானே ஒவ்வொரு கன்னமாகச் சரிபார்த்துக்கொள்கிறேன்.