மஞ்சள் பொட்டும் நீல டேப்பும்

ரேணிகுண்டாவுக்கு ரயில் வரும். விமானம் வரும். படகு வருமா?

போன புதன்கிழமை வந்தது, பிள்ளைகளே. எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில், நீளமான டிரெய்லர் வண்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெள்ளை வெளேரென்று ஒரு மோட்டார் படகு. ரோட்டில் போனவர்கள் பைக்கை நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். எதிர் டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இன்னாப்பா, சொர்ணமுகி ஆத்துல தண்ணி விடப் போறாங்களா?"

வருஷத்தில் பாதி நாள் மணல் மட்டுமே ஓடும் ஆறு அது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

படகின் ஓனர் விசாகப்பட்டினத்துக்காரர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய படகு நேராக அங்கே போயிருக்க வேண்டும். ஆனால் நம் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே... புது வண்டி வாங்கினால் முதலில் திருப்பதிக்குக் கொண்டுவந்து மலையடிவாரத்து அலிபிரியில் பூஜை போடுவது. கார், பைக், டிராக்டர் எல்லாம் வருகின்றன. படகு மட்டும் என்ன பாவம் செய்தது? ஆனால் அத்தனை நீள வண்டியை ஊருக்குள் விடமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே பூஜை என்று முடிவானது.

எங்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வரும் வழியில் கட்டியிருந்த பெல்ட் உரசி, படகின் மூக்குப் பக்கம் ஒரு கீறல். நாங்கள் ஃபைபர் வேலைக்காரர்கள். நானும் என் மச்சான் முனிரத்தினமும் — என் மனைவியின் தம்பி — சேர்ந்து நடத்துகிறோம். பஸ்ஸின் முன்முகம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடத்துச் சறுக்குமரம்... இவைதான் எங்கள் உலகம். நீங்கள் சறுக்கி விளையாடும் மஞ்சள் சறுக்குமரம்கூட முனிரத்தினம் செய்ததாக இருக்கலாம்.

படகுடன் சென்னை ஏஜென்சியிலிருந்து ஷாலினி என்ற பெண் வந்திருந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, இந்தக் கம்பெனி படகு இன்னும் நாலஞ்சு இந்தக் கரைக்கு வரப்போகுது. ரிப்பேர் பார்க்க ஒரு ஒர்க்‌ஷாப் தேடிட்டிருக்கோம். இந்தக் கீறலை நீங்க எப்படி எடுக்கறீங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்."

முனிரத்தினம் படகையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷமாகத் தண்ணீர்த் தொட்டி செய்கிறவன். தொட்டிக்குள் தண்ணீர் இருக்கும். படகு தண்ணீருக்குள் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும் என்பது அவனுடைய ஆசை. கதவு இப்போது திறந்திருக்கிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?

சாயந்திரம் டீ குடிக்கும்போது ஷாலினி அந்தப் படகுக்காரர்களைப் பற்றிச் சொன்னாள். அட்லஸை எடுத்து ஐரோப்பாவின் உச்சியைப் பாருங்கள். அங்கே ஸ்காண்டினேவியா. அதில் கடலோரம் ஒரு சின்ன ஊர். எதிரே கடல் முழுக்கத் தீவும் பாறையும். அந்தக் காலத்தில் மீன் பிடிக்கவும், தீவுக்குத் தபால் கொண்டுபோகவும் மரப் படகு செய்த குடும்பம். கடலில் பனி உறையும் காலத்தில் கொட்டகைக்குள் படகு கட்டுவார்களாம். வெயில் காலத்தில் தண்ணீரில் இறக்குவார்களாம். பிறகு மரம் போய் ஃபைபர் வந்தது. தபால் படகு போய் பணக்காரர்களின் படகு வந்தது. ஆனால் பாறை அப்படியேதானே இருக்கிறது? அதனால் அடிப்பாகத்தின் உறுதியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

"மெஷின்ல செய்வாங்களாமா?" என்று முனிரத்தினம் கேட்டான்.

"இல்லண்ணா, கையாலதான். அச்சுக்குள்ள கண்ணாடி நார்ப் பாய் விரிச்சு, ரெசின் பசை ஊத்தி, ரோலர் போட்டு..."

"அதத்தான நம்ம தொட்டிக்கும் செய்றோம். அதே பாய், அதே ரோலர். அப்புறம் இன்னாத்துக்கு அது படகு, இது தொட்டி?"

எழுந்து படகுக்குள் ஏறினான். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே மர அலமாரிகள். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளில் மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விடாமல் ஓடியது... ஒரே மரத்திலிருந்து வரிசையாக அறுத்திருக்கிறார்கள். அவன் அதையெல்லாம் பார்க்கவில்லை. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டான்.

எங்கள் தொழிலில் யாரும் அப்படிக் கையை விடமாட்டார்கள். முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். பின்பக்கம் நார் நீட்டிக்கொண்டு குத்தும், இரண்டு நாள் அரிக்கும். அவன் கையை மெதுவாக வெளியே எடுத்தான். விரித்துப் பார்த்தான்.

"மாமா... பின்னால கூட வழவழன்னு கீது மாமா."

மறுபடியும் கையை உள்ளே விட்டான்.

ஷாலினி இன்னொன்றும் காட்டினாள். கீறலுக்குப் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு நீல டேப் ஒட்டியிருந்தாள். அது படகு செய்த அந்தப் பட்டறையின் வழக்கமாம். படகில் குறை ஒன்று கண்ணில் பட்டால், பார்த்தவர் பக்கத்தில் நீல டேப் ஒட்டிவிட வேண்டும். பெருக்குகிறவர்கூட ஒட்டலாம். யார் செய்த தப்பு என்றும் கேட்கக் கூடாது, யார் ஒட்டினது என்றும் கேட்கக் கூடாது. குறைகள் சரியாகி எல்லா டேப்பும் உரிக்கப்பட்ட பிறகுதான் படகு வாசலைத் தாண்டும்.

நல்ல வழக்கம்தான். நம் ஊரில் ஒட்டினால் படகே தெரியாது என்று நான் சொன்னேன். ஷாலினி சிரித்தாள். முனிரத்தினம் சிரிக்கவில்லை.

அன்றைக்கே கீறலை அடைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்து வைத்தோம். பாலிஷை மறுநாள் போடலாம் என்று வீட்டுக்குப் போனோம்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது முனிரத்தினம் எனக்கு முன்பே வந்திருந்தான். தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமம், முகத்தில் ஒரு மலர்ச்சி. படகின் மூக்கைக் காட்டினான்.

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. நடுவில் குங்குமம்.

"நாளைக்கி ஓனர் வந்தா சந்தோஷப்படுவாரு மாமா. மொதல்ல நம்ம கையால ஒரு பொட்டு."

புதுத் தொட்டிக்கு வைப்போம். புது அச்சுக்கு வைப்போம். படகுக்கும் வைத்துவிட்டான். எந்த இடத்தில்? நாங்கள் தேய்த்து, பாலிஷ் போடாமல் விட்ட அதே இடத்தில். ஃபைபருக்கு மேலே வெள்ளையாக ஒரு தோல் இருக்கும். பாலிஷ் இல்லாத தோல் பசித்த வயிறு மாதிரி... எதைக் கொடுத்தாலும் உறிஞ்சிவிடும்.

ஈரத் துணியால் துடைத்தேன். குங்குமம் வந்தது. மஞ்சள் வரவில்லை.

அவன் முகத்து மலர்ச்சி போய்விட்டது. ஓடிப்போய் சோப்புத்தூளைக் கரைத்துக்கொண்டு வந்து தேய்த்தான். மஞ்சள் சிவப்பாக மாறியது. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்குமே, அதே சிவப்பு. படகுக்கு மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்த மாதிரி இருந்தது. தண்ணீர் ஊற்றினோம். மறுபடி மஞ்சள்.

"தின்னர் எடுத்தாறேன் மாமா."

"வேணாம்டா. தின்னர் போட்டா இன்னும் உள்ள எறங்கிடும்."

"அப்ப நாளைக்கி மாலைய கொஞ்சம் பெரிசா போட்டுடலாம். ஒண்ணும் தெரியாது. விசாகப்பட்டினம் போனப்புறம் யாரு நம்மள கேக்கப் போறாங்க?"

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிள்ளைகளே. சரி என்றும் சொல்லவில்லை. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஷாலினி இறங்கி, டீக்கடைக்காரரிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

முனிரத்தினம் வாசலைப் பார்த்தான். படகைப் பார்த்தான். பிறகு மேசை மேல் இருந்த நீல டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

"இன்னாடா?"

"அலமாரிக்குப் பின்னால தடவிப் பாத்தேனே மாமா. எவனும் பாக்காத எடம். அங்க கூட அவுங்க மறைக்கல. நான் மூக்கு மேல மறைக்கறதா?"

ஷாலினி உள்ளே வந்தாள். டேப்பைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. போனை எடுத்து வீடியோவில் அந்தப் பட்டறையைக் கூப்பிட்டாள்.

திரையில் எரிக் என்பவர் வந்தார். முழுக்கைக் கம்பளிச் சட்டை, நரைத்த தாடி. படகுக்குக் கடைசி மெருகு போட்டவர் அவர்தானாம். இங்கே வெயில் ஏறிவிட்டது. அவருடைய ஜன்னலுக்கு வெளியே அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது. போனை மஞ்சளுக்குப் பக்கத்தில் காட்டினோம். அவர் இங்கிலீஷில் பேச, ஷாலினி தமிழில் சொன்னாள்.

"இது என்னன்னு கேக்கறார்."

"மஞ்ச பொட்டும்மா," என்றான் முனிரத்தினம். "நல்லா இருக்கணும்னு வெச்சேன்."

அவள் அதைச் சொன்னதும் எரிக் தலையாட்டினார். கோபமெல்லாம் இல்லை. அவர் தாத்தா காலத்தில் படகின் பாய்மரத்துக்கு அடியில் ஒரு நாணயத்தை வைப்பார்களாம். மோட்டார் படகில் பாய்மரம் ஏது? அதனால் இவர் உள்ளே எங்கேயோ ஒரு நாணயத்தை வைத்து மூடிவிடுவாராம்.

"எங்கன்னு கேளும்மா."

"சொல்லமாட்டாராம்."

அடுத்து, எதைப் போட்டுத் தேய்க்கச் சொல்லப் போகிறாரோ என்று நான் பேனாவோடு நின்றேன். அவர் சொல்லவில்லை. கேட்டார்.

"எனக்கு மஞ்சளைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்க வீட்ல இது வேற எதுல ஒட்டும்? அங்கேர்ந்து எப்படிப் போகும்?"

அதுவரை படகைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். மஞ்சளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். "வேட்டில ஒட்டும். எங்க அக்கா தொவச்சி வெயில்ல போடும். சாயந்திரம் பாத்தா இருக்காது..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினான். ஷாலினி சொல்லி முடிக்கவும், எரிக் அந்தத் தாடிக்குள் சிரித்தார்.

"அப்போ அதையே செய்யுங்க. இந்தத் தோல் வெயில் தாங்கத்தான் செஞ்சது, ஒண்ணும் ஆகாது. வெயில் எங்ககிட்ட இல்லாத சாமான். உங்ககிட்ட நிறைய இருக்கு."

படகின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்தோம். மூக்கு வெயிலைப் பார்க்கிற மாதிரி டிரெய்லர் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். சித்தூர் வெயில், திருப்பதி வெயில் என்று நாம் திட்டாத நாள் உண்டா? அன்றைக்கு முனிரத்தினம் மேகம் வந்தால் முறைத்தான். நடுவில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா, படக வடாம் மாதிரி காயப் போட்டுக்கினு கீறீங்க?"

"ஆமாண்ணே. ராத்திரிக்கி பொரிச்சி துன்னலாம், வாங்க."

சாயந்திரம் மஞ்சள் எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை வெயிலும் விழுந்த பிறகு தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு பாலிஷ் போட்டோம். முனிரத்தினம் படகின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்வாகப் பார்த்தான், எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தான். அதற்கப்புறம்தான் டேப்பை உரித்தான். உரித்ததைத் தூக்கிப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் ஓனர் ஐயரோடு வந்தார். ஐயருக்கு ஒரே குழப்பம். காருக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். படகுக்குச் சக்கரம் எங்கே? கடைசியில் டிரெய்லர் சக்கரத்துக்கு வைத்தார். பொட்டு எங்கே வைப்பது என்று மஞ்சள் கிண்ணத்தோடு மூக்குப் பக்கம் நடந்தார். முனிரத்தினம் முன்னால் போய் நின்றுகொண்டான்.

"சாமி, அதுக்கு வேணாம். நங்கூரத்துக்கு வெய்யுங்க. கடல்ல புடிச்சி நிறுத்தப் போறது அதான."

ஸ்டீல் நங்கூரத்துக்குப் பொட்டு வைத்தார்கள். ஓனர் கீறல் இருந்த இடத்தைத் தடவித் தேடி, "பாகுந்தி பாபு, பாகுந்தி" என்றார். எங்கள் ஊரில் தெலுங்கில் 'நன்றாக இருக்கிறது' என்று ஒருவர் இரண்டு முறை சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கிளம்பும்போது ஷாலினி சொன்னாள். "அண்ணா, அடுத்த படகு தை மாசம் வருது. நேரா இங்கதான் அனுப்பறேன். எரிக் ஒண்ணு சொல்லச் சொன்னார். கீறலை யாரு வேணா எடுப்பாங்களாம். தன் தப்புக்குத் தானே டேப் ஒட்டறவர விட்டுடாதீங்கன்னார்."

முனிரத்தினம் டிரெய்லர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். "அந்தக் காசு எங்க வெச்சிருப்பாரு மாமா?" என்று கேட்டான். அவன் கவலை அவனுக்கு.

கறையைப் பார்த்தவுடன் தேய்க்க ஓடுவதும், பூ வைத்து மூடுவதும் சுலபம். இதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இது என்ன, எப்படிப் போகும் என்று நின்று கேட்பதுதான் கஷ்டம். பனி ஊர்க்காரர்களின் படகு அதனால்தான் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சைப் பேப்பரைப் பைக்குள் மடித்து ஒளிக்கும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் ஒழுகுகிற குழாயில் ஒரு நீல டேப். ஆடுகிற நாற்காலிக் காலில் ஒரு நீல டேப். இரண்டையும் சரி செய்தேன்.

நேற்று சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த என் செல்போன் மேல் ஒரு நீல டேப்... யார் ஒட்டினது என்று கேட்கக் கூடாதாமே!