உட்காருவதற்கு ஒரு சிகரெட்

எங்கள் வார்டில் நர்சுகளுக்கு உட்கார நேரம் கிடையாது, புகை பிடிப்பவர்களைத் தவிர. யாரும் இதைச் சட்டமாக எழுதி ஒட்டவில்லை. ஆனால் பெரியக்கா போய்த் தலைமை சிஸ்டரின் மேஜைக்கு எதிரே நின்று சட்டைப் பையைத் தட்டிக் காட்டினால் போதும், "போய்ட்டு சீக்கிரம் வா" என்று விட்டுவிடுவார். நான் போய் நின்றால், "உனக்கு என்ன?" என்பார். எனக்கு என்ன? கால் கடுக்கிறது, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, அவ்வளவுதான். "அவ போகலைன்னா கை நடுங்கும். கை நடுங்கினா ஊசி யாரு போடறது?" என்று நியாயம் வேறு பேசுவார். ஒழுங்காக இருந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது.

பெரியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். வயதிலும் உயரத்திலும் எங்களில் அவள்தான் பெரியவள். கனத்த ஆளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமா, மாத்திரையைத் துப்புகிற பிடிவாதக்காரரை விழுங்க வைக்க வேண்டுமா, அவளைத்தான் கூப்பிடுவோம். பயிற்சிக்கு வந்த புதிதில் முதன்முதலாக ஒருவர் கண்ணெதிரே இறந்துபோனாராம். இவள் தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். கூட இருந்த மூத்தவள் ஒருத்தி, "அழுதுட்டு நின்னா மத்தவங்களை யாரு பாக்கறது?" என்று பின்படிக்கட்டுக்கு இழுத்துப் போய் ஒன்றைப் பற்றவைத்துக் கையில் கொடுத்திருக்கிறாள். இருமலில் அழுகை நின்றுவிட்டது. அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

விட வேண்டும் என்று அவள் நினைக்காமல் இல்லை. நுரையீரல் கெட்டு வருகிறவர்களிடம், "இனிமே அதைத் தொடக்கூடாது" என்று சொல்ல வேண்டியவளே அவள்தான். அப்படிச் சொன்னபோது ஒரு கிழவர், "கொஞ்சம் கிட்ட வந்து சொல்லும்மா, வாசனையாவது கிடைக்கட்டும்" என்றார். வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்துக் கொண்டிருந்தாள். இரண்டு மூன்று முறை விட்டாள். ஒவ்வொரு முறையும் வார்டில் ஏதாவது நடக்கும், மறுபடி பின்படிக்கட்டுக்குப் போய்விடுவாள்.

ஒரு தபால்காரர் இறந்த அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தப் பழக்கத்தின் விலை சுருக்கென்று உறைத்தது. நெஞ்சுவலி என்று வந்தவர், பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டால் டாக்டரும் மெஷினும் வரும்வரை நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பலமாக, விடாமல். பெரியக்கா தனியாக இருந்தாள். அமுக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கைகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன, ஆனால் அவற்றில் பலமே இல்லை. "தள்ளுங்கக்கா!" என்று அவளை ஒதுக்கிவிட்டு நான் கட்டிலில் ஏறி அமுக்கினேன். அவர் பிழைக்கவில்லை.

"யாரு அமுக்கியிருந்தாலும் இதே கதிதான், ரத்தக்குழாய் மொத்தமா அடைச்சிருந்தது" என்றார் டாக்டர். அவள் காதில் அது ஏறவே இல்லை.

"அவருக்கு வேண்டிய மூச்சு என்கிட்ட இல்லடி" என்றாள் என்னிடம். மிச்சமிருந்த பாக்கெட்டை ரத்தப் பஞ்சு போடுகிற வாளியில் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு நாய் படாத பாடு. கையில் சிகரெட் ஆசையை அடக்கும் மருந்துப் பட்டை ஒட்டிக்கொண்டாள். பெப்பர்மின்ட்டைக் கடித்துக் கடித்து ஒரு பல்லே உடைந்தது. விரல் நடுங்கியதால் ஊசி போடும் வேலையை என் தலையில் கட்டினாள். நின்றால் குற்றம், நடந்தால் குற்றம் என்று எங்கள்மேல் எரிந்து விழுந்தாள். வீட்டில் இன்னும் மோசம். அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நல்ல மனிதர். ஒருநாள் அவளைக் கொண்டுவந்து விட்டபோது என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "நானே ஒரு பாக்கெட் வாங்கித் தரேம்மா, இவளைக் குடிக்கச் சொல்லு. பிள்ளைங்களாவது பொழச்சுப் போகட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகம் வாடியிருந்தது.

நடுக்கம் ஒருவழியாக நின்றது. ஒருநாள் மதியம் அவள் தலைமை சிஸ்டரிடம் போய் நின்றாள்.

"விட்டுட்டேன்னு சொன்னியே, அப்புறம் என்ன?"

"சும்மா, கொஞ்சம் உட்கார்ந்துட்டு வரேன் சிஸ்டர்."

"சும்மா உட்கார இது என்ன பார்க்கா? அஞ்சாம் நம்பர் கட்டில்ல பாட்டில் தீரப் போகுது, போய்ப் பாரு."

மறுநாள் எதிர்க் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். "விட முடியல சிஸ்டர்" என்றாள். உச்சுக் கொட்டிவிட்டு அனுப்பினார் அந்தப் புண்ணியவதி. அழுக்குத் துணி போட நான் சலவை அறைப் பக்கம் போனபோது, பின்படிக்கட்டில் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் சிகரெட், பற்றவைக்காமல்.

"என்னக்கா இது?"

"டிக்கெட்டுடி. இதைக் காட்டினாத்தான் உள்ள விடறாங்க."

"ஐயோ அக்கா, இதைப் போய்க் கூடவே வச்சிருக்கீங்களே! ஒருநாள் கை சும்மா இருக்குமா?"

"பத்தவச்சா நான் செத்தேன். தெரியும்டி" என்றாள்.

அதே சிகரெட்தான் நாள்தோறும். தாள் நைந்து நடுவில் கிழிந்தபோது, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் ஒரு சுற்று சுற்றினாள். எனக்கு இடுப்பு விட்டுப்போன ஒருநாள் அதை என் கையில் திணித்து, "போ, நீயும் ஆரம்பிச்சுட்டேன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். தலைமை சிஸ்டர் தலையிலடித்துக்கொண்டு, "நீயுமா! உருப்பட்ட மாதிரிதான்" என்றார். ஆனால் விட்டார். வாழ்க்கையில் முதன்முதலாக வேலை நேரத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றவர். வெகுநாளாக எங்கள் வார்டில் இருந்தார். நாங்கள் எழுதுவதை எட்டிப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று திட்டுவார். பெரியக்கா தலைவாரிவிட்டால்தான் அவருக்குத் திருப்தி. மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. மதியம் சாப்பிட்ட கையைத் துடைத்துவிடும்போது அப்படியே துவண்டுவிட்டார்.

பெரியக்கா ஏறினாள். நான் பக்கத்தில் தயாராக நின்றேன். "மாத்திக்கவாக்கா?" என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டி மறுத்தாள். வேர்வை கொட்டியது. ஆனால் மூச்சு இரைக்கவில்லை. கை தளரவில்லை. டாக்டர், "போதும் சிஸ்டர்" என்றார். அவள் நிறுத்தவில்லை. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

டீச்சரம்மாவுக்குக் கடைசியாகத் தலைவாரிவிட்டு, மகனிடம் ஒப்படைத்துவிட்டு, நேரே நாங்கள் தேநீர் போடும் அறைக்குப் போனாள். அடுப்படியில் தீப்பெட்டி இருப்பது எனக்கும் தெரியும். முந்திக்கொண்டு போய் எடுத்துவிட்டேன்.

"குடு."

"மாட்டேன்."

"குடுடி, சொல்றேன்ல!" பிளாஸ்திரி சுற்றிய சிகரெட் அவள் உதட்டில் இருந்தது.

"இத்தனை நாள் பட்டதெல்லாம் எதுக்கு? பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவளை 'நீ' என்றேன்.

சிகரெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "என் மூச்சு பத்தலைன்னுதானே அந்தத் தபால்காரர் போனார்னு நெனச்சேன்? இன்னைக்கு மூச்சு இருந்துச்சுடி. கடைசி வரைக்கும் இருந்துச்சு. அப்பவும் போய்ட்டாங்களே. நான் எதுக்குடி விட்டேன்?"

தீப்பெட்டியை என் பையில் போட்டுக்கொண்டேன். அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று தலைமை சிஸ்டரின் மேஜைக்கு இழுத்துப் போனேன்.

"சிஸ்டர், நாங்க ரெண்டு பேரும் பின்படிக்கட்டுக்குப் போறோம்."

"ரெண்டு பேருமா? ஒருத்தி குடிச்சுட்டு வந்தப்புறம் இன்னொருத்தி போகக்கூடாதா?"

"குடிக்க இல்ல, சிஸ்டர். அழறதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஊசித் தட்டைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். "போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

படியில் உட்கார்ந்த பிறகுதான் பெரியக்கா முஷ்டியைத் திறந்தாள். சிகரெட் நொறுங்கிப் போயிருந்தது. புகையிலைத் தூளைப் பாவாடையில் தட்டித் துடைத்துவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உடம்பெல்லாம் குலுங்கியது.

"இத்தனை வருஷமா இந்தப் படியில உட்கார்ந்திருக்கேன்" என்றாள் நடுவில். "ஒரு தடவைகூட அழுததில்லடி."

"அழு, அக்கா" என்றேன். "நேரம் இருக்கு."