வாசலிலே நிக்காதே

வெள்ளையம்மா பாடியது ஊடல் பாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மலாயாவில் லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வரிசையில் அவளுக்கு அடுத்த வீட்டில் இருந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அவளும் அர்ச்சுனனும் தாலி கட்டாமலே நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். தோட்டத்தில் அது சகஜம். ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றியபோது, குடும்பம் உண்டா என்று பேரெழுதிய கிராணி அவனிடம் கேட்டார். தனியாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். கெட்டவன் இல்லை. அன்றைக்குப் பயந்துவிட்டான், அவ்வளவுதான்.

மூன்று வருஷம் ஒரு கடுதாசி இல்லை. 1934இல் தகரப்பெட்டியோடு திரும்பி வந்து, எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கங்காணி வெள்ளையம்மாவைக் கூப்பிட்டார். "பாவம், வந்து நிக்கிறான். சேத்துக்கம்மா" என்றார். அவர் சொன்னால் தோட்டத்தில் மறுபேச்சு கிடையாது. அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் புல்வெட்டு வேலையில் திறந்தாள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது எங்கள் வழக்கம்.

தனியாளுன்னு எழுதிக்கிட்டுக்
கப்பலேறிப் போன மச்சான்
வந்த வழி திரும்பு மச்சான்
வாசலிலே நிக்காதே

நாற்பது பெண்கள் திருப்பிப் பாடினோம். கங்காணி குடையை ஊன்றிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கூத்தில் கதவடைக்கிற பெண் கடைசியில் திறந்துவிடுகிறாளே, அந்த நினைப்பு அவருக்கு. "எல்லாம் கோவந்தான். பெட்டியத் தூக்கிட்டுப் போடா" என்று சாயங்காலமே அவனை அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வெள்ளையம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்துக் கொடுத்தாள்.

"பாட்டு கேட்டேன். இன்னும் கோவமா?" என்றான்.

"கோவம்னா உள்ள கூப்பிட்டு வச்சு உங்களோட சண்ட போட்டிருப்பேன். நாப்பது பேரு வாயில போட்டுட்டேன். இனி நானே ஆசப்பட்டாலும் திருப்பி வாங்க முடியாது. அதுக்குத்தான் பாடினேன். நீங்க போங்க."

அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தான்.

அவன் தலை மறைந்ததும் அவள் அழுதாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஆசை விட்டுப்போய் அவள் பாடவில்லை. ஆசையை வைத்துக்கொண்டே பாடினாள்.